ஐந்து சென்ட் கேலி: வாக்கி பேக்கேஜஸ் ஸ்டிக்கர்களை அறுபது வயதுக்காரர்கள் ஏன் இன்னும் தேடுகிறார்கள்?

அமெரிக்க ஏலத் தளங்களில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் பழுப்பேறிய ஒரு ஸ்டிக்கர் விற்பனைக்கு வரும். ஒரு பிஸ்கட் பெட்டியின் படம், அதன்மேல் எலி, 'ராட்ஸ் கிராக்கர்ஸ்' என்று ஒரு பெயர். கடைப் பொருள்களின் பெட்டிகளைக் கேலி செய்து அமெரிக்கச் சிறுவர்களுக்காக வெளிவந்த 'வாக்கி பேக்கேஜஸ்' ஸ்டிக்கர்களில் ஒன்று அது. அதற்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. அதே ஆண்டில், அதே நிறுவனம், அதே வரிசையில் வெளியிட்ட வேறொரு ஸ்டிக்கரோ சில டாலருக்குக் கிடைக்கிறது. வரைந்த ஓவியர்கூட ஒருவரே.

சிறுவயது ஏக்கம் என்று இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் போதாது. ஏக்கம் எல்லா ஸ்டிக்கர் மீதும்தானே இருக்க வேண்டும்? ஒன்றுக்கு மட்டும் இந்த விலை ஏன் என்பதை ஏக்கம் சொல்வதில்லை. தாள், பசை, அச்சு, நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் என நான்கையும் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் நான்கு சொற்கள்

1. பகடி: எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் போலவே செய்து, சிறிது திரித்து, அதையே கேலி செய்வது. மூலம் தெரியாதவருக்குப் பகடி வெறும் கிறுக்கல்.

2. வணிகச்சின்னம்: ஒரு பொருள் யாருடையது என்று வாங்குபவருக்குக் காட்டும் பெயர், எழுத்துரு, நிறம், வடிவம். 'வாங்குபவர் குழம்பினாரா?' என்பதுதான் இதன் சட்டத்தில் முதல் கேள்வி.

3. பதிப்புரிமை: ஒரு படைப்பை நகலெடுக்கும் உரிமை. இங்கே குழப்பம் முக்கியமல்ல. எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக என்பதுதான் கேள்வி. இந்த இரண்டையும் தமிழில் காப்புரிமை என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால், வழக்குச் செய்திகளைப் படிக்கும்போது பாதி புரியாமல் போகிறது.

4. வரிசை: ஒரே சமயத்தில் வெளிவரும் ஸ்டிக்கர் தொகுதி. சேகரிப்பவரின் இலக்கு ஒரு ஸ்டிக்கர் அல்ல, முழு வரிசை.

கேலி பிறந்த இடம்

1952இல் தொடங்கிய 'மேட்' இதழ், அமெரிக்கச் சிறுவர்களுக்கு விளம்பரங்களைச் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தது. 1957இல் தன் பக்கங்களில் விளம்பரம் வாங்குவதை நிறுத்தி, 2001 வரை அப்படியே இருந்தது. காசு கொடுப்பவரையே கேலி செய்ய முடியாது என்பது எளிய கணக்கு. அதைப் படித்து வளர்ந்த தலைமுறையிலிருந்துதான் பகடி ஸ்டிக்கர் வரைந்தவர்களும் வாங்கியவர்களும் வந்தார்கள்.

வெளியிட்டது டாப்ஸ் சூயிங் கம் நிறுவனம். 1938இல் புரூக்ளினில் தொடங்கியது; பசூக்கா பபிள்கம்மும், ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் சேகரிப்பு அட்டைகளும் அதன் பெருவணிகம். அங்கே புதுப்பொருள் பிரிவை நடத்திய வூடி கெல்மன், பதின்வயதிலேயே ஆர்ட் ஸ்பீகல்மனை வேலைக்கு எடுத்தார். பின்னாளில், 1992இல், புலிட்சர் சிறப்பு விருது பெற்ற அதே ஸ்பீகல்மன்தான். லென் பிரவுன், ஜே லிஞ்ச், பில் கிரிஃபித் என்று பல எழுத்தாளர்களும் கேலிச்சித்திரக்காரர்களும் யோசனைகள் கொடுத்தார்கள். இவர்களில் பலர் மறுபக்கம் பெரியவர்களுக்கான 'அண்டர்கிரவுண்ட்' காமிக்ஸ் வரைந்தவர்கள். எதிர்க்கலாச்சாரத்தின் ஆட்கள் மிட்டாய்க் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கேலி தயாரித்தார்கள் என்பதைத்தான் இந்தக் கதையின் சுவையான பகுதியாக நினைக்கத் தோன்றுகிறது.

முதல் வெளியீடு 1967. மொத்தம் 44 எண்கள். அட்டையில் வெட்டுக்கோடு போட்டிருக்கும். படத்தைப் பெயர்த்தெடுத்து, பின்புறம் நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும். ஓரளவு விற்றது. உண்மையான புயல் 1973இல் வந்தது. அந்த ஆண்டு உரித்து ஒட்டும் ஸ்டிக்கராக மீண்டும் வந்தபோது, டாப்ஸின் பேஸ்பால் அட்டைகளையே விற்பனையில் முந்தியது. 'நியூயார்க்' வார இதழ் 1973 அக்டோபரில் இதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 1970களில் மொத்தம் 16 வரிசைகள் வெளிவந்தன.

அந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். வாட்டர்கேட் விசாரணை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிய கோடை அது. அதிபரே பொய் சொல்லலாம் என்று வீட்டில் பேச்சு ஓடும்போது, பற்பசைக் கம்பெனி சொல்வதை மட்டும் பிள்ளை ஏன் நம்பும்?

ஒரு ஸ்டிக்கர் உருவாகும் முறை

1. கடையில் நிஜப் பொருளை வாங்கி வருவார்கள். பெட்டி கையில் இல்லாமல் பகடி வரைய முடியாது.

2. பெயரில் ஓர் எழுத்தையோ ஓர் அசையையோ மாற்றுவார்கள். 'கிரெஸ்ட்' பற்பசை 'கிரஸ்ட்' ஆகும். பொருள், காய்ந்த பொருக்கு. 'மினிட் ரைஸ்' என்ற உடனடிச் சோறு 'மினிட் லைஸ்' ஆகும், அரிசி பேனாகிவிட்டது. 'ஜெல்ஓ' என்ற ஜெல்லி இனிப்பு சிறைக்குப் போய் 'ஜெயில்ஓ' ஆனது. 'ஹோஸ்டஸ் ட்விங்கீஸ்' என்ற கேக் 'ஹாஸ்டைல் திங்கீஸ்' ஆனது. 'எவரெடி' பேட்டரிக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து சேர்த்து 'நெவரெடி' ஆக்கினார்கள். எப்போதும் தயார் என்றிருந்தது ஒருபோதும் தயாரில்லை என்றாயிற்று.

3. விளம்பர வாசகத்தையும் விடமாட்டார்கள். 'வீட்டீஸ்' தானியத்தின் புகழ்பெற்ற வாசகம் 'சாம்பியன்களின் காலை உணவு'. பகடியில் பெயர் 'வீக்கீஸ்', அதாவது பலவீனர்கள்; வாசகம் 'ஏமாளிகளின் காலை உணவு'. மூலத்தில் சாம்பியன்ஸுக்கு எதிரே சம்ப்ஸ் என்று ஓசை இடிக்கும். தமிழில் அந்த இடி போய்விடுகிறது.

4. கேலிச்சித்திரக்காரர் பென்சிலில் சிறு வரைவு போட்டுக் கொடுப்பார்.

5. நார்மன் சாண்டர்ஸ் அதை முழு ஓவியமாக்குவார். 1907இல் பிறந்தவர், 1930களில் மலிவுவிலைத் துப்பறியும் இதழ்களுக்குப் பரபரப்பான அட்டைகள் வரைந்தவர். 1973இல் அவருக்கு வயது 66.

ஐந்தாவது படியில்தான் உயிர் இருக்கிறது. சாண்டர்ஸின் ஓவியத்தில் எழுத்துரு அசல் போலவே இருக்கும். நிறம், தகர டப்பாவின் பளபளப்பு, அட்டையின் மடிப்பு எல்லாமே அசல்தான். கேலிச்சித்திரம் போலக் கோணலாக வரைந்திருந்தால் யாரும் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள். முதல் பார்வைக்கு வீட்டு அலமாரியில் இருக்கும் அதே டப்பா. இரண்டாம் பார்வைக்குத்தான் பேன். அந்த இடைவெளி ஒரு நொடிகூட இல்லை, ஆனால் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. சிலேடை கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே சொல், இரண்டு பொருள், இரண்டாவது சற்றுத் தாமதமாக வரும்.

டாப்ஸ் தன் சொந்த பசூக்காவையும் 'கட்சூக்கா' என்று கேலி செய்துகொண்டது. பெருந்தன்மை என்று இதைச் சொல்லலாம். 'எங்களையே நாங்கள் விடவில்லை பாருங்கள்' என்று காட்டவும் அது உதவியிருக்கும்.

நாக்கிலிருந்து நகத்துக்கு: பசை மாறியதால் என்ன நடந்தது?

1967 ஸ்டிக்கரின் பசை அஞ்சல்தலையின் பசையைப் போன்றது. நீர் பட்டால் இளகும், காய்ந்தால் இறுகும். இதில் மூன்று குறைகள். நனைத்தது போதாவிட்டால் ஓரம் தூக்கும். அதிகமானால் பசையே கரைந்து வழிந்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் ஒட்டாமல் வைத்திருந்த அட்டைகூடச் சுருளும். மேலும், தகரம், பிளாஸ்டிக், வார்னிஷ் பூசிய மரம் போன்ற நீர் உறிஞ்சாத பரப்புகளில் அது சரியாகப் பிடிப்பதில்லை.

1973 ஸ்டிக்கரில் மூன்று அடுக்குகள் உள்ளன.

1. மேல்தாள்: படம் அச்சிட்ட, பளபளப்புப் பூச்சுள்ள தாள்.
2. அழுத்தத்தில் ஒட்டும் பசை: நீரும் வேண்டாம், சூடும் வேண்டாம், விரலால் அழுத்தினால் போதும்.
3. உரிதாள்: பசை பிடிக்காத வழவழப்புப் பூச்சுள்ள பின்தாள்.

படத்தின் விளிம்பைச் சுற்றி மேல்தாளை மட்டும் வெட்டி, உரிதாளைத் தொடாமல் விடுவார்கள். வெட்டுத்தகட்டின் ஆழம் மயிரிழை கூடினால் உரிதாளும் அறுந்து ஸ்டிக்கர் பொட்டலத்திலேயே கழன்றுவிடும். குறைந்தால் உரிக்கும்போது கிழியும். 1970களின் ஸ்டிக்கர்களில் இரண்டு பிழைகளும் கண்ணில் படும்.

இந்த மாற்றத்தின் விளைவு பெரியது. தகர மதிய உணவுப் பெட்டி, பள்ளி லாக்கர், கட்டிலின் தலைப்பலகை, குளிர்சாதனப் பெட்டி, சைக்கிள் என எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். பேஸ்பால் அட்டையை வாங்கியவர் பெட்டியில் அடுக்கினார். ஸ்டிக்கரை வாங்கியவர் உரித்தார். உரித்தால் பயன்பாடு முடிந்தது, சேகரிப்பு மதிப்பும் முடிந்தது. அட்டை கோடிக்கணக்கில் அச்சானால் கணிசமான பங்கு எங்காவது தப்பிப் பிழைக்கும். ஸ்டிக்கர் அப்படியல்ல. அதைச் செய்ததே அழிப்பதற்காகத்தான். இன்று உரிக்கப்படாத நல்ல பிரதி குறைவாக இருப்பதற்கு முதல் காரணம் இதுவே.

ஒரு வரிசையை முடிக்க எவ்வளவு ஆகும்?

பொட்டலம் ஐந்து சென்ட். உள்ளே முதலில் மூன்று ஸ்டிக்கர், பிறகு இரண்டாகக் குறைத்தார்கள். கூடவே ஒரு பபிள்கம் பட்டை, ஒரு புதிர்த்துண்டு அட்டை. அட்டையின் ஒருபுறம் வரிசையின் முழுப் பட்டியல். பட்டியலைக் கையில் கொடுத்தால்தானே எது இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும்? வணிகத் தந்திரங்களில் இது மிக மலிவானதும் மிகக் கூர்மையானதும் ஆகும்.

30 ஸ்டிக்கர் கொண்ட வரிசை என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சம அளவில் அச்சாகி நன்றாகக் கலக்கப்பட்டவை என்றும் கொள்வோம்.

1. முதல் 15 வெவ்வேறு ஸ்டிக்கர் சேர, சராசரியாக 20 வாங்கினால் போதும். பிள்ளைக்கு உற்சாகம் தாங்காது.

2. முழு 30உம் சேர, சராசரியாக ஏறத்தாழ 120 வாங்க வேண்டும். பொட்டலத்துக்கு இரண்டு என்றால் 60 பொட்டலம், 3 டாலர்.

3. அந்த 120இல் கடைசி ஐந்து ஸ்டிக்கருக்கு மட்டும் 68க்கு மேல் போகிறது. மொத்தச் செலவில் பாதிக்கும் மேல்.

4. கடைசி ஒற்றை ஸ்டிக்கருக்கு மட்டும் சராசரி 30, அதாவது 15 பொட்டலம்.

காரணம் எளிது. 29 கையில் இருக்கும்போது, வாங்கும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருப்பதாக அமைய 30இல் 29 வாய்ப்பு. ஆனால் பக்கத்து மேசைப் பையனிடம் அது உபரியாக இருந்தால், 15 பொட்டலத்தின் விலை ஒரே ஒரு கைமாற்றில் தீர்ந்துவிடும். விளையாட்டு மைதானத்தில் ஸ்டிக்கர் பண்டமாற்று தழைத்தது இதனால்தான். அறுபது வயதுக்காரர்கள் இன்று ஸ்டிக்கரைப் பற்றிப் பேசும்போது ஸ்டிக்கரைவிட அந்தப் பேரத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை. வரிசையைத் தனியாக முடிப்பது கட்டுப்படியாகாது என்பதைப் பிள்ளைகள் கணக்குப் போடாமலே கண்டுபிடித்திருந்தார்கள்.

சம அளவு என்று மேலே வைத்துக்கொண்டது உண்மையில் பொய்க்கும். டாப்ஸின் வழக்கமான பெருந்தாளில் 11க்கு 12 என்று 132 இடங்கள். 82 படமுள்ள வரிசையை அதில் அடுக்கப் பார்த்தால் 50 இடம் மிஞ்சும். சில படங்களை இரண்டு முறை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒருமுறை மட்டும் அச்சாகும் படத்துக்கான தேடல் அந்த அளவுக்கு நீளும்.

கடிதம் வந்தது, படம் போனது

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்வி. ஒன்று ஏன் இவ்வளவு அரிது?

1967 வெளியீட்டிலேயே சில நிறுவனங்கள் ஆட்சேபித்தன. இத்தகைய ஆட்சேபம் பெரும்பாலும் வழக்காக வராது; 'நிறுத்துங்கள், இல்லையேல் நீதிமன்றம்' என்று வழக்கறிஞர் கடிதமாக வரும். ஐந்து சென்ட் பொருளுக்காகப் பெருநிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது டாப்ஸுக்கு மலிவு. எனவே நடப்பது இது:

1. வரிசை அச்சாகிறது, முதல் பெட்டிகள் கடைக்குப் போகின்றன.
2. கடிதம் வருகிறது.
3. அடுத்த அச்சில் அந்த இடத்தில் வேறு படம்.
4. ஏற்கெனவே கடைக்குப் போனவை திரும்ப வருவதில்லை.

முதல் அச்சில் மட்டும் இருக்கும் படம் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதிலும் பெரும்பகுதி உரிக்கப்பட்டுவிட்டது. 'ரிட்ஸ்' பிஸ்கட்டின் பகடியான 'ராட்ஸ் கிராக்கர்ஸ்' இந்த வகை. 1973 முதல் வரிசையில் தொடக்கத்தில் இருந்து பின்னர் விலக்கப்பட்டது. கேலியை ஒழிக்க அனுப்பிய கடிதம், அந்தக் கேலியையே வரிசையின் விலையுயர்ந்த துண்டாக்கிவிட்டது.

இரண்டு வழக்கு, இரண்டு தீர்ப்பு

பகடி சட்டப்படி சரியா தவறா என்று கேட்டால், டாப்ஸின் சொந்த அனுபவமே இரண்டு பதில் தருகிறது.

முதல் வழக்கு, டெட்லி. இன்று டாடா குழுமத்தின் கையில் உள்ள அதே தேயிலைப் பெயர்தான். டாப்ஸ் ஸ்டிக்கரில் அது 'பெட்லி ஃபிளீ பேக்ஸ்' ஆயிற்று. 'டீ பேக்' தெள்ளுப்பூச்சிப் பையாகிவிட்டது. 'பெட்' என்றால் வளர்ப்புப் பிராணி என்பதும் சேர்ந்துகொண்டது. தேயிலை நிறுவனம் தடை கேட்டது. நியூயார்க் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் 1983இல் இடைக்காலத் தடை தர மறுத்தது. பபிள்கம்மோடு வரும் ஸ்டிக்கரைப் பார்த்து, இதைத் தேயிலை நிறுவனம் வெளியிட்டது என்று யாரும் குழம்பப் போவதில்லை. கேலி கேலியாகவே தெரிகிறது.

இரண்டாவது, கார்பேஜ் பெய்ல் கிட்ஸ். 1983 கிறிஸ்துமஸில் கேபேஜ் பேட்ச் கிட்ஸ் என்ற கொழுகொழுத் துணிப் பொம்மைக்காக அமெரிக்கக் கடைகளில் பெற்றோர் அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் தனிப் பெயர், தத்தெடுப்புச் சான்றிதழ். 1985இல் டாப்ஸ் அதே கன்னமும் அதே முகவெட்டும் உள்ள பிள்ளைகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பியது. ஜான் பவுண்ட் வரைந்த முதல் வரிசையில் 41 ஓவியம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர், ஆக 82 ஸ்டிக்கர். தலையிலிருந்து அணுகுண்டுப் புகை கிளம்பும் 8ஆம் எண் பையன் 'ஆடம் பாம்' என்றும் 'பிளாஸ்டட் பில்லி' என்றும் இரண்டாக வந்தான். பொட்டலத்தில் ஐந்து, விலை 25 சென்ட். மேலே சொன்ன கணக்கை இதற்குப் போட்டால், தனியாக முழு வரிசை சேர்க்கச் சராசரி 409 ஸ்டிக்கர், 82 பொட்டலம், 20 டாலர் 50 சென்ட். ஓவியச் செலவு ஒன்று, விற்பனை இரண்டு.

வகுப்பில் இருக்கும் ஆடமும் பில்லியும் தங்கள் பெயரையே அருவருப்பான படத்தின்கீழ் கண்டார்கள். பல பள்ளிகள் இதைத் தடைசெய்ததற்குச் சளியும் வாந்தியும் மட்டும் காரணமல்ல, இந்தப் பெயர் வம்பும்தான்.

பொம்மை உரிமையாளரான ஒரிஜினல் அப்பலாச்சியன் ஆர்ட்வொர்க்ஸ் 1986இல் ஜார்ஜியாவில் வழக்குத் தொடர்ந்தது. அங்கே நீதிமன்றம் டாப்ஸின் பகடி வாதத்தை ஏற்காமல் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு சமரசம், பாத்திரங்களின் தோற்றத்தையும் தலைப்பு எழுத்தையும் மாற்ற டாப்ஸ் ஒப்புக்கொண்டது. 1988 வரை 15 வரிசைகள் வெளிவந்தன.

ஏன் இந்த வேறுபாடு?

1. டெட்லியில் கேள்வி பெரும்பாலும் வணிகச்சின்னக் குழப்பம். பொம்மை வழக்கில் பதிப்புரிமையும் சேர்ந்தது. பொம்மையின் முகம் ஒரு சிற்பப் படைப்பு. குழப்பம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

2. வாக்கி பேக்கேஜஸ் ஒரு பொருளிலிருந்து ஒரு சிரிப்பை எடுத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடும். கார்பேஜ் பெய்ல் கிட்ஸ் ஒரே மூலத்தின்மேல் ஒரு தனி வணிகமே கட்டியது.

3. அந்தக் காலச் சட்டச் சூழல். 1984இல் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், லாபநோக்கில் நகலெடுப்பது நியாயமற்றதாகவே கருதத்தக்கது என்ற பொருளில் எழுதியிருந்தது. ஜார்ஜியா நீதிபதி டாப்ஸின் முதன்மை நோக்கம் பணம் என்று கண்டார்.

மூன்றாவது தூண் 1994இல் சாய்ந்தது. 'கேம்ப்பெல் எதிர் அகஃப்ரோஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம், லாபத்துக்காகச் செய்யும் பகடியும் 'நியாயமான பயன்பாடாக', அதாவது அனுமதி கேட்காமல் எடுத்தாளச் சட்டம் இடம் தரும் வகையாக, இருக்கலாம் என்றது. இதே வழக்கு பத்தாண்டு கழித்து வந்திருந்தால் டாப்ஸின் வாதத்துக்கு வலு கூடியிருக்கும். வென்றிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. முதல் இரண்டு காரணமும் அப்படியே நிற்கின்றன.

2023இல் எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு வந்தது. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டில் வடிவில் 'பேட் ஸ்பேனியல்ஸ்' என்ற நாய்ப் பொம்மை. நீதிபதி கேகன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு: பிறர் சின்னத்தைத் தன் பொருளின் அடையாளமாகவே பயன்படுத்தினால், பேச்சுரிமை என்ற தனிக் கேடயம் கிடையாது, வழக்கமான குழப்பச் சோதனைக்கே உட்பட வேண்டும். அந்தச் சோதனையில் பகடி என்பதும் கணக்கில் வரும். செய்தியைப் படித்த பலர் 'பகடிக்குத் தடை' என்று புரிந்துகொண்டார்கள். அப்படியல்ல. கேலி செய்வது ஒன்று, கேலியையே பிராண்ட் ஆக்குவது இன்னொன்று என்று கோடு போட்டார்கள். பெட்லி ஸ்டிக்கர் அந்தக் கோட்டில் வெறும் கேலியின் பக்கம் நிற்கும் என்றே தோன்றுகிறது.

படைப்பாளிகளின் கணக்கு தனி. ஓவியங்கள் டாப்ஸின் சொத்தாகவே இருந்தன. விற்பனையில் பங்கு கிடையாது. 1989இல் டாப்ஸ் தன் கிடங்கிலிருந்த மூல ஓவியங்களை நியூயார்க்கில் ஏலம் விட்டது. இருபது ஆண்டு அங்கே வேலை பார்த்த ஸ்பீகல்மன் அதன் காரணமாக உறவை முறித்துக்கொண்டார்.

ஏக்கம் எதன்மேல்?

1980களில் பிறந்த ஒருவரிடம் 1973 ஸ்டிக்கரைக் காட்டினால் பாதிக்குச் சிரிப்பு வராது. கேலி செய்யப்பட்ட பொருள்களில் பல இன்று கடையிலேயே இல்லை. இருப்பவையும் பெட்டியை மாற்றிவிட்டன. பகடி மூலத்தின் எழுத்துருவையும் நிறத்தையும் துல்லியமாகப் பிடித்து வைத்ததால், காலப்போக்கில் அது வேறொன்றாகிவிட்டது: 1973 மளிகை அலமாரியின் ஆவணம். அசல் சோப்புத்தூள் பெட்டியை யாரும் ஐம்பது ஆண்டு வைத்திருக்கவில்லை. அதைக் கேலி செய்த ஸ்டிக்கரை வைத்திருந்தார்கள். அம்மா வாங்கி வந்த பை, சனிக்கிழமை காலைக் கார்ட்டூனுக்கு நடுவே ஓடிய விளம்பரப் பாட்டு எல்லாம் அந்தத் திரிபெழுத்தின் வழியாகத்தான் நினைவுக்கு வருகின்றன.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. எண் உண்டா? 1979இல் டாப்ஸ் பழைய படங்களை மறுபடி வெளியிட்டபோது முகப்பில் எண் போட்டது. எண் தெரிந்தால் அது 1973 பிரதி அல்ல. விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

2. பின்புறம். தொடக்க வரிசைகளின் உரிதாள் வெள்ளையாகவும் பழுப்பாகவும் வரும். தாள் செய்த லட்லோ நிறுவனத்தின் பெயர் கறுப்பிலோ சிவப்பிலோ அச்சான முதுகும் உண்டு; அதற்கு விலை தனி. பின்புறப் படம் காட்டாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

3. பபிள்கம் கறை. பட்டையை ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் சர்க்கரையும் எண்ணெயும் ஊறிப் பழுப்பு நீள்சதுரம் விழும். இது போகாது.

4. மெழுகுக் கறை. பொட்டலத் தாளின் மெழுகு சூட்டில் இளகி ஓரத்து ஸ்டிக்கரில் படியும். பளபளப்புப் பரப்பில் மட்டும் இருந்தால் நைலான் துணியால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். தாளுக்குள் ஊறியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

5. பசைக் கசிவு. பழைய பசை காற்றுபட்டு மஞ்சளாகி, விளிம்பில் பிசுபிசுக்கும்; அடுக்கிவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் வைக்க வேண்டும். மலிவான பி.வி.சி. உறையிலிருந்து கசியும் மென்மையாக்கி, அச்சு மையையும் பூச்சையும் கெடுக்கும். மேலே கனம் வைக்கக் கூடாது, வெயிலும் ஆகாது.

6. ஏற்கெனவே ஒட்டியது. தகரப் பெட்டியிலோ கட்டில் பலகையிலோ இருப்பதை உரிக்க முயலக் கூடாது. சூடான காற்று பசையை இளக்கும். ஆனால் ஐம்பது ஆண்டுத் தாள் வலுவிழந்திருக்கும், மேல்தாள் இரண்டாகப் பிளந்து படம் மட்டும் கையோடு வரும். கரைப்பான் ஊற்றினால் பூச்சு மங்கும். பெட்டியை ஸ்டிக்கரோடு அப்படியே வாங்குவதுதான் ஒரே வழி.